கையைக் கைப்பிடியில் வையுங்கள்

ஓய்வு பெற்ற நான்காவது மாதம், நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தது. பேசியது ரேவதி, என் இடத்துக்கு வந்திருக்கும் டெக்னீசியன் பெண்.

"மேடம், ஸ்டோர் ரூம்ல ஒரு மர நாற்காலி கெடக்குது. நடுவுல ஓட்டை. தூக்கிப் போட்டுரலாமான்னு கேக்குறாங்க. அது எதுக்கு?"

"அதுல உக்கார வெச்சித்தான் நாங்க அந்த டெஸ்ட் எடுத்தோம்."

"உக்கார வெச்சா? இப்ப எம்.ஆர்.ஐ.ல படுக்க வெச்சில்ல எடுக்கறோம்."

படுத்துக்கொண்டு மலம் கழிப்பவரை நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் விஞ்ஞானம் முன்னேறும்போது குறுக்கே பேசக் கூடாது என்று "அப்படியா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ரேவதி விடவில்லை. "எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரல. எழுதியாவது குடுங்க மேடம்" என்றாள். எழுதுகிறேன். மலம், ஆசனவாய் போன்ற சொற்களைப் பார்த்தால் முகம் சுளிப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். எட்டு வருஷம் அந்தச் சுளிப்புக்குப் பக்கத்தில் நின்று சம்பளம் வாங்கியவள் நான், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு திருப்பாதிரிப்புலியூரில். எக்ஸ்ரே படிப்பு, கடலூரில் நெஞ்சு எக்ஸ்ரேயும் உடைந்த எலும்புமாக இருபது வருஷம், நடுவே மூன்று பிள்ளைகள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதைத் தவிர அந்த இருபது வருஷத்தில் நோயாளிகளிடம் நான் வேறு பேசியதாக நினைவில்லை. 2004-ல் சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர் திறந்தார்கள். பெண் டெக்னீசியன்தான் வேண்டும் என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சேர்ந்த இரண்டாவது வாரம் தெரிந்தது.

அங்கே ஸ்கேன் டாக்டர் சபாநாயகம் சார். மெலிந்த மனிதர். சட்டைப்பையில் எப்போதும் கூராகச் சீவிய ஒரு பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு படத்தைப் பார்க்க உட்கார்ந்தால் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். காற்றுச் சத்தத்தில் கண் சரியாகத் தெரியாது என்பார். நோயாளியோடு அவர் நேரடியாகப் பேச மாட்டார். நோயாளியைப் பற்றி, நோயாளியின் காதில் விழும்படி, என்னிடம் பேசுவார். "பேஷண்ட் கொஞ்சம் முன்னால நகரலாமே ஸ்டெல்லா" என்பார். பேஷண்ட் நகர்ந்து உட்காருவார்.

அவர் சென்னையில் கற்றுக்கொண்டு வந்த பரிசோதனை அது. புத்தகத்தில் நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. நாங்கள் சேர் டெஸ்ட் என்போம். மலம் இறங்காமல் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கஷ்டப்படுகிறவர்களுக்கு வயிற்றை ஸ்கேன் எடுத்தால் எல்லாம் நார்மல் என்றுதான் வரும். கோளாறு வயிற்றில் இல்லை, கீழே இடுப்பின் அடித்தளத் தசைகளில், அதுவும் முக்கும்போது மட்டும் வெளிப்படும் கோளாறு. ஆகவே முக்குகிற நேரத்திலேயே படம் பிடிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் மாவைக் கெட்டியாகக் குழைத்து மலக்குடலுக்குள் செலுத்தி, நோயாளியை நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார வைத்து, எக்ஸ்ரேயை ஓடவிட்டு, "போங்க" என்று சொல்ல வேண்டும். டி.வி. திரையில் எல்லாம் ஓடும். பிறந்ததிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு செய்த காரியத்தை, விளக்கைப் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டாக்டரை நிறுத்தி, செய்து காட்டுங்கள் என்று கேட்கிற பரிசோதனை. கேட்க வேண்டியவள் நான். அதற்குத்தான் பெண் டெக்னீசியன்.

நாற்காலியை வெளியூரிலிருந்து வரவழைக்க யாருக்கும் பொறுமை இல்லை. எங்கள் தெருத் தச்சரிடம் சொன்னேன். இரும்பு ஆணி கூடாது, நடுவில் ஓட்டை, கீழே வாளி வைக்க இடம், இரண்டு பக்கமும் கைப்பிடி. அவர் அளவெடுத்துக்கொண்டே, "வீட்டுல பெரியவுங்க யாராவது படுத்துட்டாங்களா மேடம்?" என்றார். "இல்லீங்க, போட்டோ எடுக்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஆனால் வேலை சுத்தம்.

அடுத்தது மாவு. பேரியம் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் மோர் மாதிரி ஓடும். உண்மையான மலம் மாதிரி கெட்டியாக இருந்தால்தான் பரிசோதனைக்கு அர்த்தம். புத்தகத்தில் உருளைக்கிழங்கு மாவு என்று போட்டிருந்தது. சிதம்பரத்தில் அதற்கு எங்கே போக? மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சி அதில் பேரியத்தைக் கொட்டிக் கிளறினேன். மூன்று தடவை கட்டி தட்டியது, இரண்டு தடவை நீர்த்துப்போனது. ஒவ்வொரு தடவையும் சார் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பார்ப்பார். "கரண்டியை விட்டு யோசிச்சி யோசிச்சி விழணும் ஸ்டெல்லா." ஆறாவது தடவை யோசித்து விழுந்தது. அவர் தலையை ஒரு தடவை அசைத்தார். வீட்டில் என் சமையலுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. கேண்டீன் மாஸ்டர்தான், விஷயம் தெரிந்ததும், வாணலியை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் நோயாளி கடலூரிலிருந்து வந்த ஒரு நகைக்கடை வீட்டு அம்மா. வயது அறுபதுக்கு மேல். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தங்க வளையல். கழற்றினால் திரும்ப ஏறாது என்று சொல்லிவிட்டார். உட்கார வைத்தோம். "போங்கம்மா" என்றேன். அவர் கையை மடியில் கொண்டுபோனார். திரையில் வளையல்களைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "கையை எடுங்கம்மா" என்றேன். எடுத்தார், திரும்பவும் கொண்டுபோனார். படம் முடிந்ததும் சார் நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு, "வளையல் நார்மல்" என்றார். அவர் வேலை நேரத்தில் செய்த ஒரே வேடிக்கை அது.

அன்றைக்கே விதி வந்துவிட்டது. கை படத்தை மறைக்கிறது, கதிரும் கையில் படுகிறது. ஆகவே பரிசோதனை முடியும் வரை நோயாளியின் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்க வேண்டும். சார் பென்சிலால் எழுதிக் கொடுத்தார், நான் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதிலிருந்து ஐந்து வருஷம், உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கையைக் கைப்பிடியில் வையுங்கள். பிறகு இறுக்குங்க, தளர்த்துங்க, இருமுங்க, போங்க. "போங்க" என்பதைச் சார் தமிழில் சொன்னதே இல்லை. ஆங்கிலத்தில் மைக்கில் சொல்வார், நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பேன்.

ஆண்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். பெண்களில்தான் பாதிக்குப் பாதி போகவில்லை. மாவு உள்ளேயே நிற்கும், ஆசனவாய் இறுக மூடியபடி இருக்கும், அவர்கள் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் "முடியல சிஸ்டர்" என்பார்கள். அதற்கும் ஒரு வியாதி இருக்கிறது. முக்கும்போது தளர வேண்டிய தசை, தளராமல் எதிர்மாறாக இறுக்கிக்கொள்ளும். சார் அதை எனக்கு விளக்கியது இப்படி: "ரயில் வந்து நிக்குது, கேட்கீப்பர் கேட்டைத் திறக்க மாட்டேங்கறான்." சிகிச்சை, தசைப் பயிற்சியும் மனநல ஆலோசனையும். ரிப்போர்ட்டில் அந்த வியாதியின் பெயரை எழுதிக் கொடுத்தோம். இதே மாதிரி எழுதி எழுதி, சாருக்கு ஒரு கருத்து உண்டாகிவிட்டது.

"இந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கு டென்ஷன் ஜாஸ்தி ஸ்டெல்லா. உலகத்துல எங்கயும் இவ்வளவு கேஸ் இல்ல."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நெல்லுக்கும் கரும்புக்கும் பெயர் போன ஜில்லா, இதற்கும் பெயர் வாங்கப்போகிறது. சார் அதைக் கட்டுரையாக எழுதி, திருச்சியில் நடக்கவிருந்த மாநாட்டில் படிக்க ஏற்பாடும் செய்துகொண்டார்.

அந்த மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் கலைச்செல்வி டீச்சர் வந்தார். 2009. ரயில் பாதை மாற்றுகிறோம் என்று ரயிலை நிறுத்தியிருந்த சமயம், நான் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் அவரும் அவர் கணவரும் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சருக்கு நாற்பத்து நாலு வயது. கணவருக்கு உரக்கடை. நான் டீச்சரிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் கணவர் பதில் சொன்னார்.

"எத்தனை நாளா இருக்குதும்மா?"

"ஆறு வருஷமா இருக்குதுங்க அவுங்களுக்கு."

"தினமும் போறீங்களா?"

"உள்ள போனா ஒண்ணரை மணி நேரம் ஆவுதுங்க. கதவைத் தட்டுனாலும் சத்தம் வராது."

இந்த மாதிரி கணவர்களுக்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். பழைய ரிப்போர்ட்டையெல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்வேன். ஜெராக்ஸ் கடை கோயிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் கீழ வீதியில். அவர் போனதும் டீச்சர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த மெமோ. காலையில் பள்ளிக்குத் தொடர்ந்து தாமதமாக வருவதற்கு விளக்கம் கேட்டு மூன்றாவது மெமோ அது. நோய் என்றால் என்ன நோய் என்று டாக்டர் சான்றிதழோடு பதினைந்து நாளில் தெரிவிக்க வேண்டும், தவறினால் துறை நடவடிக்கை.

"ரெண்டு பஸ் மாறிப் போவணும் சிஸ்டர். மொத பஸ்ஸை வுட்டா மணி பத்தரை ஆயிடும். ஸ்கூல்ல நான் ஒரு ஆளுதான் பொம்பளை டீச்சர், அங்க இருக்கற பாத்ரூமுக்குக் கதவே சரியா இல்ல. ஸ்கூல் நாள்ல காலைல சாப்புடறதையே வுட்டுட்டேன். ஏற்கனவே ரெண்டு எடத்துல ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல் நார்மல்னு குடுக்கறாங்க. வீட்டுல வேலைய எழுதிக் குடுத்துட்டு வான்றாரு." அவர் மெமோவை மடித்து உள்ளே வைத்தார். "இதுலயாவது எதுனா இருக்கணும்."

நார்மல் என்று வர வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு வருகிறவர்களைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன்.

உட்கார வைத்தேன். கையைக் கைப்பிடியில் வையுங்கள் என்றேன். டீச்சர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் மைக்கில் சார் குரல் வந்துவிட்டது. இறுக்கினார், தளர்த்தினார், இருமினார். போங்க என்றதும் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். வலது கை ஒரு தடவை கைப்பிடியை விட்டு எழுந்தது. "கை, கை" என்றேன். திரும்ப வைத்துவிட்டார். நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தோம். மாவு அசையவில்லை.

"கேட் திறக்கல" என்றார் சார், பென்சிலை எடுத்துக்கொண்டே. "பேஷண்ட் டென்ஷனைக் குறைச்சிக்கணும்னு சொல்லு ஸ்டெல்லா. மனநல டாக்டரைப் பாக்கச் சொல்லி எழுதறேன்."

டீச்சர் காதில் விழத்தான் செய்தது. நாற்காலியிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். "அப்ப எனக்கு மனசுலதான் வியாதியா சிஸ்டர்? அதை எழுதி ஆபீஸ்ல குடுத்தா, பைத்தியக்கார டீச்சர்னு புள்ளைங்களை எங்கிட்ட வுடுவாங்களா?"

மாவை வெளியேற்றிவிட்டு வரச் சொல்லிப் பக்கத்து பாத்ரூமைக் காட்டினேன். இது வழக்கம். வழக்கமாக நான் அடுத்த நோயாளிக்கு மாவு கிளறப் போய்விடுவேன். அன்று அடுத்த நோயாளி வரவில்லை, அதனால் வாசலிலேயே நின்றேன்.

மூன்று நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வெள்ளை மாவு மொத்தமும் போயிருந்தது. தசை திறக்காது என்று இப்போதுதான் எழுதினோம். மூடிய கேட்டைத் தாண்டி ரயில் எப்படிப் போனது?

"டீச்சர், உள்ள மட்டும் எப்படிப் போச்சு?"

அவர் கூடத்துப் பக்கம் பார்த்தார், கணவர் வந்துவிட்டாரா என்று. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கைய வெச்சித் தாங்கிக்கிட்டா போவும் சிஸ்டர். வீட்டுல காஞ்சி கெடக்கும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும், இது மாவுங்கறதால ஒடனே போயிடுச்சு. மூத்தவன் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், அதுலேருந்தே அப்படித்தான். போவப் போவ ஜாஸ்தியாயிடுச்சு. இதை யாருகிட்ட சொல்றது? அங்க கையத் தூக்கக் கூடாதுன்னுட்டீங்க."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. முன்பக்கம், பிறப்புறுப்பு வழியாக, ஒரு விரலால் பின்னுக்கு அழுத்திக்கொள்ள வேண்டும். அழுத்தினால் இறங்கும், இல்லாவிட்டால் இறங்காது. எனக்குப் புரியாமல் எப்படி இருக்கும்? மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். இருபது வருஷம். அது ஒரு நோய்க்குறி என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பல் விளக்குவது மாதிரி, குளிப்பது மாதிரி, செய்வேன், கையைக் கழுவுவேன், பஸ் பிடித்து சிதம்பரம் போவேன், போய் மற்ற பெண்களிடம் கையைத் தூக்கக் கூடாது என்பேன். அந்த நகைக்கடை அம்மா எதற்காகத் திரும்பத் திரும்ப மடிக்குக் கையைக் கொண்டுபோனார் என்று அந்த பாத்ரூம் வாசலில்தான் எனக்கு உறைத்தது. வெட்கத்தால் என்று நினைத்திருந்தேன். கையைப் பூட்டிவிட்டு, இவளுக்குப் போகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட் எழுதியிருக்கிறோம்.

சார் அறைக்குப் போனேன். ரிப்போர்ட் டைப்புக்குப் போகத் தயாராக இருந்தது.

"சார், டீச்சருக்கு இன்னொரு தடவை எடுக்கணும். கையை விட்டு."

"கை வந்தா படம் மறையும்."

"மறையட்டும் சார். கையில்லாம அவுங்களால போவ முடியாது. தாங்கிக்கிட்டுத்தான் போறாங்களாம்."

"எதைத் தாங்கிக்கிட்டு?"

சொன்னேன். எட்டு வருஷத்தில் அவரிடம் நான் பேசிய மிகக் கஷ்டமான நாலு வாக்கியம் அது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜை மேலிருந்த பென்சிலைப் பார்த்தேன். அவர் எழுந்து, அலமாரியிலிருந்து அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். பக்கம் பக்கமாகப் புரட்டி ஓர் இடத்தில் நின்றார். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று: கழிக்கும்போது விரலால் அழுத்திக்கொள்கிறாரா? அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. அவர் படித்த காலத்தில் அவரே போட்ட கோடு.

"பரீட்சைக்குக் கேட்டாங்க" என்றார் சார். "எழுதினேன்." புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சனிக்கிழமை வரச் சொல்லு" என்றார்.

சனிக்கிழமை டீச்சர் தனியாக வந்தார். ஒரு வாரத்துக்குள் மறுபடியும் கதிர் படுமே என்று சார் என்னைக் கேட்கச் சொன்னார். "வேலை போறதுக்கு இது தேவலாம்" என்றார் டீச்சர். சார் கண்ணாடிக்கும் திரைச்சீலைக்கும் பின்னால், கதவு தாழிட்டு, மைக் அணைத்து. ஐந்து வருஷம் சொன்னதை நான் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்படிப் பழக்கமோ அப்படி டீச்சர்" என்றேன். போங்க என்று சொல்வதற்கு முன்பே போனது.

டி.வி. திரையில் முதலில் கை தெரிந்தது. விரல் எலும்புகள், ஒன்றில் மோதிரம். அந்த விரலுக்குப் பின்னால் மாவு ஒழுங்காக நேராக இறங்கிக்கொண்டிருந்தது. கேட் திறந்துதான் இருந்தது. பாதியில் சார் கண்ணாடியைத் தட்டினார். கையைக் கொஞ்சம் எடுக்கச் சொல்ல, முன்பே பேசி வைத்த சைகை அது. சொன்னேன். விரல் விலகியது. அடுத்த கணம், இறங்கிக்கொண்டிருந்த மாவு பாதையை விட்டுத் திரும்பி, முன்பக்கமாக ஒரு பை மாதிரி உப்பிக்கொண்டு பிதுங்கியது. கோலிக்குண்டு அளவல்ல, எலுமிச்சம்பழ அளவு. இறங்க வேண்டியதெல்லாம் அந்தப் பையில் போய்த் தங்கியது. விரல் திரும்ப வந்தது, பை அடங்கியது, மாவு இறங்கியது. மலக்குடலின் முன்சுவர் பிரசவத்தில் பலவீனப்பட்டு வருஷக்கணக்கில் உப்பியிருக்கிறது. தையல் போட்டு இறுக்கினால் சரியாகக்கூடிய கோளாறு. மனசுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சார் வெளியே வந்தார். அந்த எட்டு வருஷத்தில் ஒரு நோயாளியோடு அவர் நேராகப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு வியாதி இருக்குதும்மா" என்றார். "போன தடவை நான் எழுதினது தப்பு."

டீச்சர் அழுதுவிட்டார். வியாதி இருக்கிறது என்று கேட்டு அவ்வளவு சந்தோஷமாக அழுத ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டை சார் நான்கு தடவை திருத்தி எழுதினார். விரல் என்ற சொல் எதிலும் இல்லை; "கைத்துணையுடன் முழுமையாக வெளியேறுகிறது" என்று ஆங்கிலத்தில் கௌரவமாக இருந்தது. கல்வி அலுவலகத்தில் அந்தப் பெரிய பெயரை யாரும் படித்திருக்கப் போவதில்லை, முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மெமோவை மூடினார்கள். வேலை தப்பியது. மே மாத லீவில் புதுச்சேரியில் ஆபரேஷன் செய்துகொண்டார். ஜூனில் முதல் பஸ்ஸைப் பிடித்ததாகப் போன் செய்தார்.

சார் திருச்சிக்குப் போகவில்லை. கட்டுரையைக் கிழித்தாரா, வைத்திருக்கிறாரா, தெரியாது. சுவரில் இருந்த காகிதத்தை அவரே பிய்த்து எடுத்தார். பிறகு பழைய பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லி, "கேட் திறக்கல" என்று எழுதிய பெண்களின் முகவரிகளைக் குறிக்கச் சொன்னார். ஒரு வாரம் கார்டு எழுதினேன். விஷயத்தைக் கார்டில் எழுத முடியாது, தபால்காரர் படிப்பார். "ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது, கட்டணம் இல்லை, வரவும்" என்று மட்டும். சிலர் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் நான் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் தலையாட்டினார்கள். மீதிப் பேருக்கு உண்மையிலேயே கேட் திறக்கவில்லை, சாருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். லால்பேட்டையிலிருந்து ஒரு பெண்ணின் மகன் வந்தான். அம்மா வர மாட்டார், மூன்று வருஷமாகத் தூக்க மாத்திரையில் இருக்கிறார், உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் டாக்டர் கொடுத்தார் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எங்கே தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்கிற மாதிரி சொன்னான். அன்றைக்கு சார் மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பி அனுப்பினார், நானும் சாப்பிடவில்லை. நான் ஒரே ஒரு பெண்ணிடம் என் பழக்கத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் போதும், முதல் வருஷத்திலேயே தெரிந்திருக்கும். வெட்கம் நோயாளிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டேன்.

எப்படி உடனே புரிந்தது என்று சார் ஒரு தடவை கேட்டார். "டீச்சர் சொன்னாங்க சார்" என்றேன். அது பொய்யில்லை. 2012-ல் ஓய்வு பெறும்வரை அதே பதிலைத்தான் வைத்திருந்தேன்.

போன மாதம் டீச்சர் போன் செய்தார். இப்போது தலைமையாசிரியை. பிள்ளைகள், மருமகள் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னிக்கு பாத்ரூம் வாசல்ல, கைய வெச்சித் தாங்கிப்பேன்னு சொன்னேன் இல்ல? எங்கூடப் பொறந்தவகிட்ட சொன்னப்ப, எப்படிடீன்னு கேட்டா. ஆபரேஷன் பண்ண டாக்டரம்மாகூட எப்படின்னு கேட்டாங்க. நீங்க மட்டும் கேக்கவே இல்ல."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க எடுத்துப் பாத்தீங்களா?"

"எங்க டீச்சர். வேலை ஜாஸ்தி."

"இப்பதான் ரிட்டயர்டு ஆயிட்டீங்களே."

வருகிற செவ்வாய்க்கிழமைக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரரிடம் முழங்கால் வலிக்கு ஸ்கேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்தக் கால் என்று கேட்டார். வலது கால் என்றேன்.